மண்ணில்லா விவசாயம்: விளைச்சலோடு செலவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணே இல்லாமல் விவசாயம் செய்து மாதம் லட்சம் சம்பாதிக்கிறார் என்கிற மாதிரிச் செய்திகள் உங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் அடிக்கடி வருகின்றன. வெள்ளைக் குழாயில் வரிசையாகப் பச்சைக் கீரை, பக்கத்தில் சிரித்தபடி ஓர் இளைஞர், இத்தனை கிலோ விளைந்தது, கிலோ இத்தனை ரூபாய்க்குப் போனது, பெருக்கினால் இத்தனை லட்சம். அதைப் படித்துவிட்டு ஊர்ப் பிள்ளைகள் எங்களிடம் வந்து, அண்ணா, பத்து சென்ட்டில் போட்டால் எவ்வளவு நிற்கும் என்று கேட்கிறார்கள். நான் ஓசூரை அடுத்த கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாயும் வெள்ளரியும் வளர்க்கிறவன். செடிகள் இப்போது தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில்தான் நிற்கின்றன, தண்ணீரில் கரைத்த உரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து வளர்கின்றன, ஆக நானும் மண்ணில்லா விவசாயிதான். இந்தத் தொழிலுக்கு யாரும் வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் செய்திகளில் வராமல் போகிற பாதிக் கணக்கு ஒன்று இருக்கிறது, சின்ன விவசாயியைக் கடனில் தள்ளுவது அந்தப் பாதிதான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் கூண்டு, அதாவது பசுமைக்குடில், கட்டுகிற செலவு. தேசியத் தோட்டக்கலைத் திட்டத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், மின்விசிறி எதுவும் இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தில் இயங்கும் குழாய்க் கட்டமைப்புப் பசுமைக்குடிலுக்கு, 500 சதுர மீட்டர் வரை என்றால் சதுர மீட்டருக்கு 1060 ரூபாய் என்றும், பெரிதாக 4000 சதுர மீட்டர் வரை போனால் 844 ரூபாய் என்றும் செலவு வரம்பு வைத்திருந்தார்கள். அதில் பாதி மானியம். இன்று இரும்புக் குழாயும் கூரைக்குப் போடுகிற பிளாஸ்டிக் ஷீட்டும் விற்கிற விலைக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் கேட்கிறார்கள், இருந்தாலும் கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். 4000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், 33 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய். மானியம் போக விவசாயி தலையில் விழுவது 16 லட்சத்து 88 ஆயிரம். இதை வங்கியில் 10 சதவீத வட்டிக்கு வாங்கி ஏழு வருடத்தில் அடைப்பதாக வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் தவணை வரும். பசுமைக்குடில் குடைமிளகாய் நன்றாக வந்தால் ஏக்கருக்கு 30 முதல் 40 டன் எடுக்கலாம். நடுவில் 35 டன் என்று வைத்தாலும், செடிக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்பே, பறிக்கிற ஒவ்வொரு கிலோவின் மேலும் 10 ரூபாய் கடன் உட்கார்ந்திருக்கிறது.

இது மானியம் உரிய நேரத்தில் வந்தால். நடைமுறையில் கூண்டைக் கட்டி முடித்து, அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, கோப்பு மேலே போய் வந்த பிறகுதான் பணம் கணக்கில் ஏறுகிறது. அதுவரை முழுத் தொகையும் விவசாயியின் கடன்தான். மேலே சொன்ன மானியத் தொகைக்கு மட்டும் 10 சதவீத வட்டி போட்டுப் பாருங்கள், தாமதமாகிற ஒவ்வொரு மாதத்துக்கும் 14 ஆயிரம் ரூபாய் வரும். அந்த வட்டியை யாரும் மானியத்தில் சேர்த்துத் தருவதில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து அந்த இடைவெளியைக் கடந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர்.

அப்புறம், சின்னதாகப் போட்டால் ஆபத்து குறைவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அரசாங்கம் போட்ட வரம்பையே பாருங்கள், சின்னக் கூண்டுக்குச் சதுர மீட்டருக்கு 216 ரூபாய் கூடுதல், அதாவது நாலில் ஒரு பங்கு அதிகம். கட்டுமானத்தோடு அது முடிவதும் இல்லை. உரத்தொட்டி, வடிகட்டி, மோட்டார், டைமர், கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர், உரக் கரைசலின் உப்பளவு பார்க்கிற ஈசி மீட்டர், புளிப்பளவு பார்க்கிற பிஹெச் மீட்டர், இவையெல்லாம் பத்து சென்ட்டுக்கும் வேண்டும், ஒரு ஏக்கருக்கும் வேண்டும். கூடவே ஓர் ஆள். மண்ணில் நிற்கிற செடியை ஒருநாள் கவனிக்காமல் கல்யாணத்துக்குப் போய்வரலாம், பையில் நிற்கிற செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. காலையில் கரைசலை அளக்க, பைக்கு அடியில் வழிகிற தண்ணீரை அளக்க, தண்ணீர் சொட்டுகிற முனை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்க்க, தெரிந்த ஓர் ஆள் தினமும் இருந்தே ஆகவேண்டும். பத்து சென்ட் விளைச்சலில் அந்த ஆளின் சம்பளத்தை வைத்தால் மிச்சம் நிற்பது கஷ்டம். வீட்டு ஆளே பார்த்துக்கொள்கிறார் என்பதால் கூலியை எழுதாமல் விடுவதுதான் பேட்டிகளில் லாபமாகத் தெரிகிறது.

ஷீட்டைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. 200 மைக்ரான் புற ஊதாக் காப்புள்ள ஷீட் என்று போடுகிறார்கள், வெயிலில் காய்ந்து மூன்று நான்கு வருடத்தில் மங்கி, நொறுங்க ஆரம்பிக்கும், நல்ல ஷீட் என்றால் ஐந்து வருடம். மங்கிய ஷீட்டுக்குள் வெளிச்சம் குறையும், காய் குறையும். அதற்கு முன்பே சித்திரையில் கோடை மழையோடு ஒரு சூறைக்காற்று வந்தால் ஒரே சாயங்காலத்தில் கிழிந்து தொங்கும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இதைப் பார்க்காத விவசாயி இல்லை. மறுபடி ஷீட் போட லட்சக் கணக்கில் வேண்டும், கடன் தவணை அப்போதும் பாதிதான் முடிந்திருக்கும். வருடா வருடம் இதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைக்காத கணக்கைக் கணக்கு என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி எந்தப் பயிர், எந்த ஊர் என்பது. இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். என் மைத்துனர் மகன் தருமபுரிக்குக் கீழே சமவெளியில் குழாய் முறையில், அதாவது உரத் தண்ணீர் ஓடுகிற குழாயில் வேரை விட்டு, சாலட்டுக்குப் போடுகிற லெட்டூஸ் கீரை போட்டான். முழுசாக அமைத்துத் தருகிறோம், நீங்கள் அறுத்தால் போதும் என்று ஒரு நிறுவனம் வந்து கட்டிக் கொடுத்தது. மார்கழி, தை எல்லாம் அருமையாக வந்தது, இலை அப்படியே பத்திரிகைப் படம் மாதிரி. பங்குனியில் நான் போய்ப் பார்த்தபோது செடி மதியத்தில் வாடிச் சாய்ந்து நின்றது, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும். வலைக்கோப்பையோடு ஒரு செடியைத் தூக்கிக் காட்டினான். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தது, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறை மாதிரிக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. வேரழுகல். தொட்டித் தண்ணீரில் கையை வைத்தால் வெதுவெதுப்பு. தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். வேருக்கு மூச்சு குறைய, அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். லெட்டூஸ் குளிர்ப் பிரதேசப் பயிர். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் அது திறந்த வெளியில் மண்ணிலேயே விளைகிறது, அங்கே குளிரை மலை இலவசமாகக் கொடுக்கிறது. அதே குளிரைச் சமவெளியில் மின்சாரத்தால் உண்டாக்கி, ஊட்டிக்காரரோடு ஒரே சந்தையில் விலைப் போட்டி போடவேண்டும். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால் தண்ணீரைக் குளிர வைக்கிற இயந்திரம் வாங்குங்கள் என்றார்களாம். அதன் விலை முதலில் கொடுத்த மதிப்பீட்டில் எங்குமே இல்லை.

கரண்ட் கணக்கையும் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் குழாய்களில் தண்ணீரைச் சுற்ற வைத்து இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 18 யூனிட் வரும், மாதம் 540. அது வெறும் மோட்டாருக்கு. உள்ளே குளிர வைக்க விசிறியும் ஈரத்தட்டியும் வைத்த கூண்டுக்கு அதே 2014 வரம்பில் சதுர மீட்டருக்கு 1400 முதல் 1650 ரூபாய் வரை போட்டிருந்தார்கள், அதை ஓட்டுகிற மின்சாரம் தனி. கரண்ட் போனால் குழாய் முறையில் வேருக்கு அடியில் தேங்கி நிற்கத் தண்ணீரே கிடையாது, மெல்லிசாக ஓடுகிற படலம் அவ்வளவுதான், ஏப்ரல் வெயிலில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால் இலை தொங்கிவிடும். நார்க்கழிவுப் பை என்றால் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், அரை நாள் தாங்கும். சின்ன விவசாயிக்கு அந்த அரை நாள் பெரிய விஷயம்.

மண்ணில்லா முறையில் 90 சதவீதம் தண்ணீர் மிச்சம் என்று எல்லாச் செய்தியிலும் வருகிறது. அது பொய் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து லெட்டூஸ் சாகுபடியை வைத்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயலில் ஒரு கிலோவுக்கு 250 லிட்டர் தண்ணீர் போகிற இடத்தில் மண்ணில்லாக் கூண்டில் 20 லிட்டர் போதும் என்றும், சதுர மீட்டருக்கு வருடம் 3.9 கிலோவுக்குப் பதில் 41 கிலோ எடுக்கலாம் என்றும் கணக்கிட்டது. இந்த எண்கள் வரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் அடுத்து ஓர் எண் இருக்கிறது. எரிசக்தி, வயலில் கிலோவுக்கு 1,100 கிலோஜூல், கூண்டில் 90,000. யூனிட்டாக மாற்றினால் ஒரு கிலோ கீரைக்கு 25 யூனிட், 80 மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி கூண்டைச் சூடாக்கவும் குளிர வைக்கவும் போவது. ஓசூர் மாதிரி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், இயற்கைக் காற்றிலேயே கூண்டு ஆறிவிடுகிற ஊரில் நமக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் விழுப்புரத்திலோ மதுரையிலோ லெட்டூஸ் போடுகிறவர் அந்த எண்ணை நோக்கித்தான் நடக்கிறார்.

தண்ணீர் மிச்சத்திலும் ஒரு விஷயம் உண்டு. நம்முடைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. உரம் கலக்கும் முன்பே ஈசி ஒன்றைத் தாண்டி நிற்கிற தண்ணீரில் லெட்டூஸுக்கு உரம் போட இடமே இருக்காது, சுழற்சியில் உப்பு இன்னும் ஏறும். ஆகவே உப்பைப் பிரித்தெடுக்கிற ஆர்ஓ இயந்திரம் போடச் சொல்வார்கள். ஆர்ஓ கழிக்கிற உப்புத் தண்ணீரை எங்கே விடுவது, அதையும் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு, இதையெல்லாம் கூண்டு கட்டும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தாலே தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஆகிற செலவு மிகச் சொற்பம்.

பெரிய முதலீடு போட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆப்ஹார்வெஸ்ட் என்ற நிறுவனம் 60 ஏக்கரில் ஒரே கூரையின் கீழ் மண்ணில்லாத் தக்காளி போட்டது, 2021-ல் பங்குச்சந்தைக்கு வந்தது, 2023 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அதே நாட்டில், கட்டடத்துக்குள் தட்டு மேல் தட்டாக அடுக்கிக் கீரை வளர்த்த பவுரி நிறுவனம் 2024 நவம்பரில் கடையைக் கட்டியது. இவர்களிடம் பணத்துக்கும் பொறியாளருக்கும் பஞ்சமில்லை. விற்கிற விலை விளைவிக்கிற செலவைத் தொடவில்லை என்றால் யாராலும் நிற்க முடியாது.

விலை என்று வரும்போது நம் சந்தையை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அப்போது, தக்காளியையும் கூண்டுக்குள் போட்டால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டு மாதம் போகவில்லை, ராயக்கோட்டை மண்டியில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு வந்துவிட்டது. திறந்த வெளியில் தக்காளி போட்டவர் ஒரு போகத்தை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டு அடுத்த போகத்துக்குப் போகலாம். கூண்டு போட்டவருக்குத் தவணை நிற்காது. எனக்குக் குடைமிளகாய் ஒரு கிலோ விளைவிக்க, நாற்று, உரம், மருந்து, கூலி, பெட்டி, வண்டி, தவணை எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குக் கீழே வருவதில்லை. பெங்களூருவில் 100 ரூபாய்க்கு மேலும் விற்றிருக்கிறேன், 20 ரூபாய்க்கும் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். வருடம் முழுக்கச் சராசரி என்ன என்பதுதான் கேள்வி, ஆனால் பேட்டியில் வருவது அந்த 100 ரூபாய்தான். தரம் பிரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் சமமாகத் திரண்டு, கறையில்லாமல், காம்பு பச்சையாக இருக்கிற காய்தான் முதல் தரம், ஒரு பக்கம் இலைப்பேன் சுரண்டிய தழும்பு இருந்தால் பாதி விலை. ருசி ஒன்றுதான், ஹோட்டல்காரர் வாங்கமாட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஹோட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மூடியபோது சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்த காயைப் பறித்துக் குழியில் கொட்டினோம். வீட்டுச் சமையலறைக்குள் போகாத காய்க்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டு விற்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கொங்கு நாட்டில் ஈமுக் கோழிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். குஞ்சைக் கொடுப்போம், தீவனம் கொடுப்போம், வளர்ந்ததை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது சரிந்தபோது சேமிப்பை இழந்த குடும்பங்களின் நிலைமையை உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கும். விளைபொருளை விற்று லாபம் பார்க்காமல், கூண்டும் குழாயும் விற்று லாபம் பார்க்கிற நிறுவனம் கொடுக்கிற வாங்கல் உறுதிமொழியை யாரும் நம்பிக் கையெழுத்துப் போடவேண்டாம். இதே கூண்டை உங்கள் சொந்தப் பணத்தில் எந்த ஊரில் நடத்துகிறீர்கள், ஐந்து வருடமாக அதன் கரண்ட் பில்லையும் விற்பனைச் சீட்டையும் காட்டுங்கள் என்று கேட்டாலே பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

சரி, அப்படியென்றால் நான் ஏன் பையில் வளர்க்கிறேன்? நூற்புழுதான் காரணம். பசுமைக்குடில் மண்ணில் குடைமிளகாய்க்குப் பின் வெள்ளரி, வெள்ளரிக்குப் பின் குடைமிளகாய் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் சில வருடங்களில் வேர்முடிச்சு நூற்புழு பெருகிவிடுகிறது. செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் மணி மணியாக வீங்கியிருக்கும், செடி மஞ்சளித்து நிற்கும். வேப்பம்பிண்ணாக்கு போட்டோம், வெயிலில் மண்ணை மூடிச் சூடேற்றினோம், ஒரு பருவத்துக்குத் தாங்கும், அடுத்த பருவம் திரும்ப வரும். கூண்டைப் பிரித்து வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. ஏற்கெனவே கூண்டு இருக்கிறது, மண் கெட்டுவிட்டது, சந்தை பழக்கமாகிவிட்டது, இந்த நிலையில் தரையில் பாய் விரித்துப் பை வைப்பதற்கு ஆகிற கூடுதல் செலவு கொஞ்சம்தான், சொட்டுநீர்க் குழாயும் இருந்ததே போதும். அந்தக் கணக்கு கட்டுகிறது. அதோடு இந்த நார்க்கழிவு நம் பொள்ளாச்சிப் பொருள். இங்கே கழுவி, கட்டியாக்கி, கப்பலேற்றி அனுப்புவதில் வெளிநாட்டுக் கூண்டுப் பயிர்களும் வேர்விடுகின்றன. ஆனால் உள்ளூரில் வாங்கும்போது உப்புப் போகக் கழுவியதா என்று பார்த்து வாங்கவேண்டும், கழுவாத நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும், கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்காமல் நட்டால் முதல் மாதமே இலை நுனி கருகும்.

இன்னொரு விஷயம் மனசுக்கு உறுத்தலாக இருக்கிறது. மண்ணில்லா விளைச்சலை இயற்கை விளைபொருள் என்று பெயர் போட்டு இரட்டை விலைக்கு விற்பதைப் பார்க்கிறேன். தொட்டியில் நாங்கள் கரைப்பது கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் எல்லாம், ரசாயன உப்புகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, செடிக்கு வேண்டியது அதுதான், மருந்தும் குறைவாகத்தான் அடிக்கிறோம். ஆனால் வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லி விற்கவேண்டும். நாளைக்கு இது வெளியே தெரிந்து பெயர் கெட்டால் நேர்மையாக விற்கிறவனுக்கும் சேர்த்துத்தான் அடி.

தோட்டக்கலைத் துறையிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மானியத்தைக் கூண்டு முடிந்த பிறகு மொத்தமாகத் தருவதற்குப் பதில் அடித்தளம், சட்டம், ஷீட் என்று கட்டம் கட்டமாகத் தரட்டும். ஷீட்டுக்கும் சூறைக்காற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு வரட்டும். விண்ணப்பத்தோடு தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டையும், யாருக்கு விற்கப் போகிறோம் என்ற விவரத்தையும் கட்டாயமாக்கட்டும், அது சிலருக்குத் தொந்தரவாகத் தெரியும், ஆனால் பத்துப் பேரில் நாலு பேரையாவது கடனுக்கு முன்னால் நிறுத்தி யோசிக்க வைக்கும். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது, எங்கள் ஊர்க் கிளைக்குப் போனால் அதைக் கேட்டு வாங்குவதே ஒரு போராட்டம். அதையும் சரிசெய்யட்டும்.

உங்களிடம் கேட்பது இது. இனி மண்ணில்லா விவசாயம் பற்றிச் செய்தி போடும்போது விளைச்சலுக்குப் பக்கத்திலேயே முதலீடு, தவணை, கரண்ட், வீட்டு ஆள் கூலி, வருடச் சராசரி விலை, இந்த ஐந்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சொல்ல மறுத்தால் மறுத்தார் என்றே போடுங்கள். கடந்த சில வருடங்களில் நீங்கள் படம் போட்ட கூண்டுகளுக்கு உங்கள் நிருபரைத் திரும்ப ஒருமுறை அனுப்புங்கள். நன்றாக ஓடுகிற கூண்டுகளும் இருக்கும், அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள், எங்களுக்கு அது பாடம். மூடிப்போனவற்றுக்குச் சொந்தக்காரர்களையும் தேடிப் பேசி அவர்கள் கணக்கையும் அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில் போடுங்கள். எங்கள் பக்கத்துக்கு நிருபர் வந்தால் என்னுடைய உரச் சீட்டு, மண்டிச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பசுமைக்குடில் விவசாயி,
கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டம்.